ரோபோ அறுவைக்குப் பிறகு அப்பாவின் கீழ்ப்புண்ணில் கசிவு. இது தொற்றா? திங்கட்கிழமை வரை காத்திருக்கலாமா?

கரூர் மகள்
சனிக்கிழமை, பிற்பகல் 3.10

வணக்கம். நான் கரூரில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. அப்பாவுக்காகக் கேட்கிறேன். அவருக்கு 63 வயது. 35 வருடம் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வெல்டராக இருந்தார். 11 வருடமாகச் சுகர் உண்டு, மாத்திரையிலேயே ஓட்டிக்கொண்டிருந்தார்.

போன வருடம் மலத்தோடு ரத்தம் போயிருக்கிறது. மூலம் என்று தானே முடிவு செய்துகொண்டு ஆறு மாதம் யாரிடமும் வாய் திறக்கவில்லை. எங்களுக்குத் தெரியவந்தபோது மலக்குடலின் அடியில், ஆசனவாயை ஒட்டியே புற்றுநோய்க் கட்டி இருந்தது. 25 நாள் கதிர்வீச்சு கொடுத்தார்கள், கூடவே கேபசிடபின் என்ற கீமோ மாத்திரை. பத்து வாரம் இடைவெளி விட்டு ரோபோ மூலம் அறுவை. மலக்குடலையும் ஆசனவாயையும் சேர்த்து எடுத்துவிட்டு, கீழே ஆசனவாய் இருந்த இடத்தைத் தைத்து மூடி, இடது பக்க வயிற்றில் நிரந்தரமாக மலப்பை வைத்திருக்கிறார்கள்.

இன்று 13வது நாள். ஏழாவது நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். வயிற்றில் இருக்கும் ஐந்து சின்ன ஓட்டைகளும் நன்றாகக் காய்ந்துவிட்டன. பார்க்க வந்தவர்கள் எல்லாம் அதைப் பார்த்துவிட்டு "இவ்வளவுதானா" என்று ஆச்சரியப்பட்டுப் போனார்கள். நானும் அப்படித்தான் நிம்மதியாக இருந்தேன்.

நேற்று அதிகாலை நாலரை மணிக்குத் தண்ணீர் சத்தம் கேட்டு எழுந்து போனால், அப்பா கொல்லைப்புறத்தில் நின்றபடியே தன் வேட்டியைத் தானே அலசிக்கொண்டிருந்தார். மூன்று நாளாக இது நடந்திருக்கிறது. கீழே தைத்த இடத்திலிருந்து நீர் கசிகிறது. முதலில் வெளிறிய ரோஜா நிறத்தில் இருந்ததாம். இப்போது கலங்கிய மஞ்சள், நாற்றமும் இருக்கிறது. எனக்குக் காட்ட மறுத்துவிட்டார். அம்மாவுக்குக் கண்புரை, சரியாகத் தெரியாது. கடைசியில் என் கணவர்தான் டார்ச் அடித்துப் பார்த்தார். இரண்டு தையல் விட்டுப்போய், சுற்றிலும் சிவந்து தடித்திருக்கிறது என்கிறார்.

மருத்துவமனைக்குப் போன் செய்தேன். எடுத்தவர், "ரிவ்யூ திங்கட்கிழமைதானே, அன்றைக்கே வாருங்கள்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

இன்னொன்றும் மனதை அரிக்கிறது. ரோபோவுக்கென்று கூடுதலாக இரண்டேகால் லட்சம் கட்டினோம், அம்மாவின் நகையை வைத்துத்தான். பணம் கட்டும் இடத்தில் இருந்தவர், "சின்ன ஓட்டைதான், தொற்றே வராது" என்றார். அதை நம்பித்தான் நான் அப்பாவைச் சம்மதிக்க வைத்தேன். இது தொற்றுதானா? திங்கள் வரை பொறுக்கலாமா? ரோபோ வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ஓய்வுபெற்ற சிஸ்டர், திருச்சி
சனிக்கிழமை, பிற்பகல் 3.50

கண்ணு, முதல் விஷயம். திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே கிளம்புங்கள். மீதியை வண்டியில் உட்கார்ந்து படித்துக்கொள்ளலாம்.

நான் 27 வருடம் அறுவைப் பிரிவு வார்டில் இருந்தவள். ரோஜா நிற நீர் முதல் சில நாள் கொஞ்சம் கசிவது உண்டு, அது நாளுக்கு நாள் குறைய வேண்டும். உங்கள் வீட்டில் அது கூடியிருக்கிறது, நிறம் மாறியிருக்கிறது, நாற்றம் வந்திருக்கிறது, தையலும் விட்டிருக்கிறது. இதற்கு மேல் அடையாளம் வேண்டியதில்லை. அறுவைப்புண் தொற்று என்று கணக்கெடுப்பதே முதல் 30 நாளுக்குள் வருவதைத்தான். நோயாளியை ஏழாவது நாள் அனுப்பிவிட்டால் மிச்சமிருக்கும் 23 நாளும் வீட்டில்தானே கழியும்? அதனால் அதை முதலில் பார்க்கிறவர்கள் உங்களைப் போன்ற பிள்ளைகள்தான்.

கிளம்புவதற்கு முன் சிலவற்றைப் பார்த்து ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். தெர்மாமீட்டர் வைத்துக் காய்ச்சல் எவ்வளவு. சுகர் எவ்வளவு. நாடித் துடிப்பு நிமிடத்துக்கு எத்தனை. காலையிலிருந்து சிறுநீர் எத்தனை முறை போனார். பையில் மலமும் காற்றும் வருகிறதா, வாந்தி உண்டா. அப்புறம், சிவந்திருக்கும் இடத்தின் ஓரத்தில் ஒரு பால்பாயிண்ட் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தையும் எழுதச் சொல்லுங்கள். அங்கே போய்ச் சேரும்போது சிவப்பு அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தால் டியூட்டி டாக்டருக்கு அது ஒன்றே போதும், நீங்கள் வாதாட வேண்டியதில்லை.

ஒன்றைக் கவனமாகக் கேளுங்கள். சுகர் உள்ளவர்களுக்கு இந்த இடத்தில் வரும் தொற்று சில சமயம் வெகு வேகமாகத் தோலுக்கு அடியில் பரவும். தோல் கறுத்தாலோ, கொப்புளம் வந்தாலோ, தொட்டால் நொறுநொறுவென்று காற்று இருப்பதுபோல் தெரிந்தாலோ, புண்ணின் அளவுக்குப் பொருந்தாத வலி இருந்தாலோ, ஆள் குழறிப் பேசினாலோ, அறுவை செய்த மருத்துவமனை தூரம் என்று யோசிக்காதீர்கள். 108ஐக் கூப்பிட்டு, பக்கத்தில் எந்தப் பெரிய மருத்துவமனை இருக்கிறதோ அங்கே போங்கள்.

மருந்துக்கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்காதீர்கள். உள்ளே சீழ் தேங்கியிருந்தால் மாத்திரையால் அது வெளியே வராது. காய்ச்சலை மட்டும் அமுக்கி, எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையையும் குழப்பிவிடும். மஞ்சள், தேங்காய் எண்ணெய், சாம்பல் எதுவும் புண்ணுக்குள் போகக் கூடாது. அம்மாவிடம் இதை நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

அப்பா வேட்டியைத் தானே துவைத்ததைப் படித்ததும் எனக்குக் கண் கலங்கியது. வார்டில் இப்படி எத்தனையோ ஆண்களைப் பார்த்திருக்கிறேன், கூச்சத்தில் நாலைந்து நாளை விழுங்கிவிடுவார்கள். அவர் மேல் கோபப்படாதீர்கள்.


கரூர் மகள்
ஞாயிற்றுக்கிழமை, காலை 6.25

சிஸ்டர் அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்த கையோடு கிளம்பிவிட்டோம். காய்ச்சல் 101.2, சுகர் 318, நாடி 112. எழுதிக்கொண்டு போனேன். கோடு போட்டதிலிருந்து போய்ச் சேர்வதற்குள் சிவப்பு ஒரு விரல் அகலம் தாண்டியிருந்தது. அந்தத் தாளைக் காட்டியதும் யாரும் எங்களைக் காக்க வைக்கவில்லை.

நாலு தையலைப் பிரித்தார்கள். ஒரு டம்ளர் அளவுக்குச் சீழ் வந்ததாம். அதிலிருந்தே கல்ச்சருக்கு எடுத்துக்கொண்டார்கள். சிடி ஸ்கேனில் தையலுக்கு நேர் மேலே மட்டும்தான் சீழ்ப்பை தெரிந்தது, வயிற்றுக்குள் வேறெங்கும் தேக்கம் இல்லை என்றார்கள். நரம்பு வழியாக மருந்து ஏறுகிறது, சுகருக்கு இன்சுலினும் தொடங்கிவிட்டார்கள். சீழ் வெளியேறிய அரை மணி நேரத்தில் அப்பா, "ஏதோ இறுக்கிப் பிடித்திருந்தது, விட்டுவிட்டது" என்றார். பத்து நாளில் முதல் முறையாக அசந்து தூங்கினார்.

ஆனால் காலையில் கட்டு மாற்றும்போது நான் பார்த்துவிட்டேன். அவ்வளவு ஆழமான புண்ணை நான் எங்கும் பார்த்ததில்லை. குச்சி வைத்து அளந்து ஆறரை சென்டிமீட்டர் என்றார்கள். அதைத் தைக்கப் போவதில்லையாம். இரண்டு மூன்று நாளில் அப்படியே திறந்த புண்ணோடு வீட்டுக்குப் போகலாம், தினமும் கட்டு மாற்றினால் போதும் என்கிறார்கள். தொற்று வந்த புண்ணைத் திறந்து போட்டால் இன்னும் கிருமி சேராதா? வீட்டில் யார் கட்டு மாற்றுவது? எனக்குக் கை நடுங்குகிறது.


நடத்துனர், மதுரைப் பக்கம்
ஞாயிற்றுக்கிழமை, காலை 9.05

மகளே, நான் அரசுப் பேருந்தில் நடத்துனராக இருந்தவன். 2021இல் எனக்கும் இதே அறுவை. எனக்கு ரோபோ இல்லை, லேப்ராஸ்கோப்பி, அதாவது சின்ன ஓட்டை வழியாகக் கேமரா விட்டு டாக்டர் கையாலேயே கருவி பிடித்துச் செய்வது. பத்தாவது நாள் என் கீழ்ப்புண்ணும் திறந்துகொண்டது. முழுவதும் மூட நாலரை மாதம் ஆனது. இன்று நலமாக இருக்கிறேன், கோயில் படியெல்லாம் ஏறுகிறேன். பயத்தில் கேட்கிறீர்கள் என்பது தெரிகிறது, அதனால் எனக்கு நடந்ததையே விவரமாகச் சொல்கிறேன்.

திறந்து வைப்பது உங்கள் அப்பாவைக் கைவிடுவதற்காக இல்லை. மேலே தைத்து மூடினால் அடியில் சீழ் மறுபடியும் கட்டும். இந்தப் புண் அடியிலிருந்து சதை வளர்ந்து மேலே வர வேண்டும், தோல் கடைசியாகத்தான் மூட வேண்டும். எங்கள் டாக்டர் கிணறு தூர்ப்பதைச் சொல்லித்தான் எனக்குப் புரியவைத்தார். மேலே பலகை போட்டு மூடிவிட்டால் கிணறு தூர்ந்துவிடுமா என்று கேட்டார்.

காஸ் என்கிற வலைத்துணியைப் புண்ணுக்குள் வைக்கும் விதத்தில்தான் எல்லாமே இருக்கிறது. சலைன் என்ற சுத்தமான உப்புநீரில் நனைத்துப் பிழிந்து, பிரித்து, தளர்வாக உள்ளே படிய வைக்க வேண்டும். மூட்டைக்குள் பஞ்சு திணிப்பதுபோல் திணித்தால் புதுச் சதைக்கு ரத்தம் ஓடாது. ஒரு நுனி வெளியே தெரிய வேண்டும். எத்தனை காஸ் உள்ளே போனது என்று நோட்டில் எழுத வேண்டும், மறுநாள் அத்தனையும் வெளியே வந்ததா என்று எண்ண வேண்டும். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஐந்தாவது வாரம் என் மகன் ஊரில் இல்லாதபோது வந்தவர் ஒரு துண்டை உள்ளேயே விட்டுவிட்டார். நாலு நாள் நாற்றம், காய்ச்சல். மறுபடியும் தொற்று என்று எல்லோரும் பயந்தபோது டாக்டர் இடுக்கியால் அந்தத் துண்டை எடுத்தார். அன்றிலிருந்து எண்ணாமல் வைத்ததே இல்லை.

குளிக்கப் பயப்பட வேண்டாம். டாக்டர் அனுமதித்ததும், கட்டை எடுத்துவிட்டு மக்கில் வெதுவெதுப்பான நல்ல தண்ணீரை ஊற்றிக் கழுவிய பிறகு புதுக் கட்டு போடுவோம். ஆரம்பத்தில் வலி மாத்திரை போட்டு அரை மணி கழித்துத்தான் கட்டைப் பிரிக்கச் சொல்வேன். ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி நுரை வந்தால் சுத்தமாகிறது என்று ஒரு சொந்தக்காரர் கொண்டுவந்து கொடுத்தார். டாக்டர் தடுத்துவிட்டார், புதிதாக வளரும் சதையையே அது அரித்துவிடுமாம்.

உட்காருவதுதான் பெரிய சிரமம். நடுவில் ஓட்டை உள்ள வட்டத் தலையணையை எல்லோரும் வாங்கச் சொல்வார்கள். நானும் வாங்கினேன். அது இரண்டு பக்கமும் சதையை விலக்கிப் புண்ணை இழுக்கிறது என்று சொல்லி எடுத்துவிடச் சொன்னார்கள். தட்டையான மெத்தென்ற தலையணை, ஒரு தடவைக்கு 20 நிமிடம், அப்புறம் எழுந்து நட, இல்லாவிட்டால் ஒருக்களித்துப் படு. நாலு மாதமும் அப்படித்தான்.

சாப்பாட்டில் மூன்று முட்டை, ஒரு வேளை மீன், சாயங்காலம் சுண்டல். புண் மூடச் சதை வேண்டும், சதைக்குப் புரதம் வேண்டும். பத்தியம் என்று கஞ்சியில் போட்டுவிடாதீர்கள். உங்கள் அப்பாவுக்குச் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு ஞாயிறும் ஆழம் அளந்து எழுதினோம். 7, 6, 6, 6. நடுவில் மூன்று வாரம் நகரவே இல்லை, நான் அழுதுவிட்டேன். அப்போது வேக் என்கிற, உறிஞ்சும் மெஷின் கட்டு வைத்தார்கள், மூன்று வாரம் வாடகைக்கு. அதன் பிறகு மளமளவென்று ஏறியது.

இன்னொரு விஷயம், யாரும் முன்கூட்டியே சொல்லாதது. அந்த உறுப்பே இல்லை, ஆனாலும் மலம் கழிக்க வேண்டும்போல முட்டும். முதல் தடவை எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று நினைத்தேன். நரம்பின் வேலை, போகப் போகக் குறைந்துவிடும். அப்பாவும் அதை உங்களிடம் சொல்லாமல் இருக்கலாம்.

கட்டு மாற்ற முதல் மூன்று வாரம் ஒரு ஆண் செவிலியரை வரவழைத்தோம், பிறகு மகன் கற்றுக்கொண்டான். அப்பாவிடம் போனைக் கொடுங்கள், நான் எழுதியதை அவரே படிக்கட்டும்.


குடல் அறுவை மருத்துவர்
ஞாயிற்றுக்கிழமை, இரவு 10.40

நான் இந்த அறுவைகளைச் செய்கிறவன், ரோபோ மூலமாகவும் செய்கிறேன். சிகிச்சையைப் பற்றி மற்ற இருவரும் சரியாகவே சொல்லிவிட்டார்கள். உங்கள் மூன்றாவது கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன், ஏனென்றால் அதில் உங்கள் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

உங்கள் அப்பாவுக்குச் செய்தது இரண்டு பக்கத்திலிருந்து செய்யும் அறுவை. மேலே, வயிற்றில் எட்டு மில்லிமீட்டர் துளைகள் வழியாக ரோபோவின் கைகள் போகும். இடுப்பெலும்புக் கூட்டின் குறுகிய பள்ளத்தில் மலக்குடலை, அதைச் சுற்றிய கொழுப்புறையோடு, சிறுநீர், பாலுறவு நரம்புகளுக்கு ஊறு வராமல் பிரித்தெடுப்பது அங்கே நடக்கும். அது முடிந்ததும் ரோபோவை விலக்கிவிட்டு, கீழேயிருந்து ஆசனவாயைச் சுற்றி வெட்டி எல்லாவற்றையும் வெளியே எடுப்போம். அந்தக் கீழ்ப்பகுதியை நாங்கள் பெரும்பாலும் கையால்தான் செய்கிறோம். லண்டனில் எர்னஸ்ட் மைல்ஸ் இந்த அறுவையை 1908இல் விவரித்து எழுதினார். அன்று இருந்த கீழ்ப்புண்தான் இன்றும் இருக்கிறது. ரோபோவால் அந்தப் புண் சிறியதாவதில்லை. வயிற்றில் காய்ந்து கிடக்கும் ஐந்து துளைகளும் ரோபோவின் புண்கள், அவற்றில் உங்களுக்குத் தொல்லை வரவில்லை.

கீழ்ப்புண் ஏன் இவ்வளவு முரண்டு பிடிக்கிறது? கதிர்வீச்சு பட்ட தோலுக்கு ரத்த ஓட்டம் குறைவு. உள்ளே மலக்குடல் இருந்த இடம் வெற்றிடமாகி, அதில் நீரும் ரத்தமும் தேங்குகின்றன. கிருமி நிறைந்த பகுதி. உட்கார்ந்தால் இழுபடும். இதோடு சுகரும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். நெதர்லாந்தில் கதிர்வீச்சு பெற்ற 104 பேரை வைத்து ஒரு ஆய்வு நடத்தினார்கள். சிலருக்குச் சாதாரணமாகத் தைத்தார்கள், சிலருக்கு விலங்குத் திசுவிலிருந்து செய்த வலையை உள்ளே வைத்துத் தைத்தார்கள். 30 நாளில் சிக்கல் இல்லாமல் ஆறியவர்கள் முதல் குழுவில் 66 சதவீதம், இரண்டாவதில் 63. தேர்ந்த கைகளிலும் மூன்றில் ஒருவருக்குப் புண் சரியாக ஆறவில்லை என்று பொருள். 

ரோபோவால் பயனே இல்லையா என்றால், அப்படியும் இல்லை. 10 நாடுகளில் 471 பேரிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், நடுவில் வயிற்றைத் திறக்க நேர்ந்தது ரோபோவில் 8.1 சதவீதம், லேப்ராஸ்கோப்பியில் 12.2. அந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்ற அளவில்தான் இருந்தது. 2022இல் சீனாவில் 11 மருத்துவமனைகள் சேர்ந்து செய்த பெரிய ஆய்வில், நடு, கீழ் மலக்குடல் புற்றுநோய்க்கு, அறுவைக்குப் பின் வரும் குறிப்பிடத்தக்க சிக்கல்கள் ரோபோவில் 16.2 சதவீதம், லேப்ராஸ்கோப்பியில் 23.1. வெட்டிய ஓரத்தில் புற்றுநோய் மிஞ்சுவதும் குறைவு. ஆகவே உங்கள் அம்மாவின் நகை வீணாகப் போகவில்லை. 

ஆனால் "தொற்றே வராது" என்று உங்களிடம் சொன்னது தவறு. பணம் கட்டும் மேசையில் அந்தப் பேச்சே நடந்திருக்கக் கூடாது. கையெழுத்து வாங்குவதற்கு முன், அறுவை செய்கிறவர் உட்கார்ந்து, "மூன்றில் ஒருவருக்கு இந்தக் கீழ்ப்புண் தொல்லை கொடுக்கும், வீட்டுக்குப் போன பிறகுதான் பெரும்பாலும் தெரியும், இன்னின்ன அறிகுறி வந்தால் இந்த எண்ணுக்கு இரவானாலும் கூப்பிடுங்கள்" என்று சொல்லியிருக்க வேண்டும். நான் என் நோயாளிகளிடம் இதை எப்போதும் சொல்லியிருக்கிறேனா என்று உங்கள் பதிவைப் படித்துவிட்டு யோசித்தேன். நாளையிலிருந்து எழுதியே கொடுக்கப் போகிறேன்.


புதுக்கோட்டை வாசகர்
திங்கட்கிழமை, காலை 7.30

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் அம்மாவுக்கு அடுத்த மாதம் ரோபோ அறுவை. கட்டி சற்று மேலே இருப்பதால் குடலை மறுபடியும் இணைத்துவிட்டு, தற்காலிகமாகப் பை வைப்பார்களாம். கீழே வெட்டு இல்லை. அப்படியானால் இந்தப் பயம் எங்களுக்கு வேண்டாமா? முன்கூட்டி என்ன கேட்டுக்கொள்ள வேண்டும்?


ஓய்வுபெற்ற சிஸ்டர், திருச்சி
திங்கட்கிழமை, காலை 8.15

தம்பி, கீழ்ப்புண் இருக்காது. ஆனால் எடுத்த குடலை வெளியே கொண்டுவர அடிவயிற்றில் நாலைந்து சென்டிமீட்டர் வெட்டு ஒன்று இருக்கும். தொற்று வந்தால் பெரும்பாலும் அங்கேதான் வரும், தினமும் அதைப் பாருங்கள். அதைவிடப் பெரிய கவலை உள்ளே இணைத்த இடம் கசிவது. அறுவை முடிந்து மூன்று நாலு நாளில் சிஆர்பி என்ற ரத்தப் பரிசோதனை செய்வார்களா என்று கேளுங்கள், அது 150ஐத் தாண்டினால் டாக்டர்கள் உஷாராவார்கள். வீட்டுக்கு வந்த பிறகு காய்ச்சல், வயிற்று வலி, வயிறு உப்புசம், ஆசனவாய் வழியாகச் சீழ், இதில் எது வந்தாலும் அன்றைக்கே போக வேண்டும்.

முன்கூட்டி உங்கள் கையில் இருப்பது சுகரை இறக்குவது, புகையிலை போடுகிறவர் என்றால் நாலு வாரம் முன்பே நிறுத்துவது, எடை குறைந்திருந்தால் நன்றாகச் சாப்பிட வைப்பது. முதல் நாள் வீட்டில் பிளேடால் மழிக்காதீர்கள். பிளேடு போடும் கண்ணுக்குத் தெரியாத கீறல்களில்தான் கிருமி குடியேறும். தேவையென்றால் அங்கேயே கிளிப்பரால் எடுப்பார்கள். குடல் சுத்தம் செய்யும் மருந்தோடு வாய்வழி ஆன்டிபயாடிக்கும் சேர்த்துக் கொடுப்பீர்களா என்று கேளுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2016இல் கொடுத்த வழிகாட்டுதலிலேயே அது இருக்கிறது. கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டாலும் கேளுங்கள்.


கரூர் மகள்
ஏழு வாரம் கழித்து

எல்லோருக்கும் வணக்கம். பலர் தனிச்செய்தியில் விசாரித்தீர்கள், இவ்வளவு நாள் எழுத முடியவில்லை.

கல்ச்சரில் ஈகோலை கிருமி வந்தது. முதலில் கொடுத்த மருந்துக்கு அது கட்டுப்படாது என்று தெரிந்து மூன்றாவது நாளே மாற்றினார்கள். காய்ச்சல் அதன் பிறகு வரவில்லை. ஆறாவது நாள் வீட்டுக்கு வந்தோம்.

நடத்துனர் ஐயாவின் பதிவை அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், "அந்த முட்டுகிற மாதிரி இருக்கிறது என்று எழுதியிருக்கிறாரே, எனக்கும் இருக்கிறது" என்றார். எனக்கும் அம்மாவுக்கும் அது தெரியவே தெரியாது.

முதல் இரண்டு வாரம் ஓர் ஆண் செவிலியர் வந்தார். அவர் வராத ஒரு ஞாயிறு, என் கணவரும் வெளியூரில் இருந்தார். அப்பா அறைக்குள்ளிருந்து, "நீயே வா, உன் அம்மாவுக்குத்தான் கண் தெரியவில்லை" என்று கூப்பிட்டார். கை நடுங்கத்தான் செய்தது. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, நான் எடுக்க எடுக்கக் காஸை எண்ணினார். "ஒன்று, இரண்டு, மூன்று. நேற்று மூன்றுதானே?" அன்றிலிருந்து நான்தான் கட்டு மாற்றுகிறேன். எண்ணிக்கையை நோட்டில் எழுதுவது அவர் வேலை. ஒரு நாளும் விட்டதில்லை.

நாலாவது வாரம் பழைய பட்டறையிலிருந்து நண்பரை வரவழைத்தார். சின்ன இரும்புக் கம்பியில் முக்காலி மாதிரி ஒன்று செய்து, மேலே சாய்கிற மாதிரி கண்ணாடியும் பக்கத்தில் ஒரு எல்இடி விளக்கும் பொருத்தி வாங்கினார். எங்கே எப்படி வெல்டிங் வைக்க வேண்டும் என்று படுத்தபடியே படம் போட்டுக் கொடுத்தார். இப்போது அதைக் காலருகே வைத்து ஒருக்களித்தபடி தன் புண்ணைத் தானே பார்க்கிறார். "சதை சிவப்பாக இருக்கிறது, நல்ல நிறம்" என்று எனக்குச் சொல்கிறார்.

ஞாயிறு கணக்கு: 6.5, 6, 5.5, 5.5, 4, 3, 2. சுகர் காலையில் 130 பக்கம் நிற்கிறது. டாக்டர் எழுதியதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். நகையைப் பற்றி அதன் பிறகு வீட்டில் யாரும் பேசவில்லை. மருத்துவமனையில் அறுவை செய்தவரிடமே, போன் எடுத்தவர் சொன்னதையும் மேசையில் சொன்னதையும் சொன்னேன். குறித்துக்கொண்டார், வருத்தம் தெரிவித்தார், இரவில் கூப்பிட ஓர் எண்ணும் தந்தார்.

இனி கீமோ பாக்கி. புண்ணுக்காகவே தள்ளிப் போட்டிருந்தார்கள். இரண்டு சென்டிமீட்டருக்கு வந்துவிட்டதால் வருகிற வியாழக்கிழமை தொடங்கலாம் என்கிறார்கள். நடத்துனர் ஐயா, உங்களுக்குக் கீமோ ஓடிக்கொண்டிருந்தபோது புண் ஆறுவது மெதுவானதா? ஞாயிறு அளவு நின்றுபோனால் எத்தனை வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு நீங்கள் வேக் கேட்டீர்கள்? அப்பாவும் பக்கத்தில் நோட்டோடு உட்கார்ந்திருக்கிறார். சரியாக 20 நிமிடம், எழுந்துவிடுவார்.